ஏறாத குதிரைக்குச் சொந்தக்காரன்

கேள்வி இது: "எனக்குக் குதிரையேற்றம் பெரிதாகத் தெரியாது. ஈவென்டிங் போட்டிகளை, அதாவது ஒரே குதிரையும் வீரரும் டிரெஸாஜ், கிராஸ் கன்ட்ரி, ஷோ ஜம்பிங் என்ற மூன்று சுற்றுகளில் இறங்கும் போட்டிகளை, நான்கைந்து ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஒரு வீரரிடம் இருக்கும் குதிரையில் கால் பங்கு வாங்க வாய்ப்பு வந்திருக்கிறது. போட்ட பணம் திரும்பாது என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது தெரியும். உரிமையாளராக இருப்பது உண்மையில் எப்படி இருக்கும்?"

பணம் திரும்பாது என்று தெரிந்தே கேட்கிறீர்கள். அதனால் எனக்குப் பாதி வேலை மிச்சம். பதினொரு ஆண்டுகளில் நான்கு குதிரைகள் எனக்குச் சொந்தமாக இருந்திருக்கின்றன. ஒன்று முழுசாக, மற்ற மூன்றில் பங்கு. ஏறத் தெரியுமா என்றால், நடை, மெல்லோட்டம், அதற்கு மேல் வேகமெடுத்தால் பிடரிமயிரைப் பிடித்துக்கொள்கிற ஆள் நான். ஆகவே வேலிக்கு வெளியே நிற்பவனாகத்தான் சொல்ல முடியும்.

காகிதத்தில் குதிரை உங்களுடையது. ஆனால் அதன் ஒரு நாளில் உங்களுக்கென்று இடமே கிடையாது. காலையில் தீனி வைப்பவர் குரூம் என்கிற பராமரிப்பாளர். ஏறுபவர் வீரர். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் அடிப்பவர் வருவார். மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், வண்டி ஓட்டுபவர் என்று குதிரையைச் சுற்றி ஒரு கூட்டமே உண்டு. அந்தக் கூட்டத்திலேயே குதிரைக்கு மிகக் குறைவாகத் தெரிந்த ஆள் நீங்கள்தான். என் முதல் குதிரை இரண்டு வருடம் வரை என்னைக் கேரட் கொண்டுவருகிறவனாக மட்டும்தான் பார்த்தது. கேரட் தீர்ந்ததும் குரூமின் குரல் வந்த பக்கம் திரும்பிக்கொள்ளும்.

உங்களுக்கு மிஞ்சுவது சில முடிவுகள். யார் ஏறுவது, விலைக்குக் கேட்டால் கொடுப்பதா, காயம் பட்டால் எவ்வளவு காலம் காத்திருப்பது, எப்போது போதும் என்பது. வருடக்கணக்கில் இவற்றில் ஒன்றுகூட எதிரே வராமல் இருக்கலாம். வந்தால் உங்களைத் தவிர வேறு யாரும் எடுக்க முடியாது. உரிமையாளர் என்ற அனுபவத்தில் முக்கால்வாசி அந்த முடிவுகளிலும், அவற்றுக்கு நடுவே காத்திருப்பதிலும் போகிறது. கோப்பையோடு நிற்கும் புகைப்படம் மிச்சத்தில் ஒரு துண்டு.

போட்டிகளைப் பார்த்திருப்பதால் விதிகளை நீட்டி முழக்கத் தேவையில்லை. உரிமையாளரின் வயிற்றில் அவை எப்படி இறங்குகின்றன என்பதை மட்டும் சொல்கிறேன். எல்லாமே அபராதக் கணக்கு, குறைந்த எண்ணிக்கை வைத்திருப்பவருக்கு வெற்றி. அளந்த நடையைக் காட்டும் டிரெஸாஜில் 70 சதவீதம் வாங்கினால், 30 புள்ளியோடு திறந்த வெளியில் தடை தாண்டும் கிராஸ் கன்ட்ரிக்குப் போகிறீர்கள். அங்கே ஒரு தடையில் குதிரை மறுத்தால் 20. அதே தடையில் மறுபடி மறுத்தால் இன்னும் 40. குறித்த நேரத்தைத் தாண்டிய ஒவ்வொரு நொடிக்கும் 0.4. கடைசி நாள் ஷோ ஜம்பிங்கில் ஒரு கம்பு விழுந்தால் 4. அதாவது முந்தைய நாள் பத்து நொடி தாமதமும் மறுநாள் ஒரு கம்பும் ஒரே எடை. இந்தக் கணக்கு மனதில் பதிந்த பிறகு உங்களால் எந்தப் போட்டியையும் சும்மா பார்க்க முடியாது. உதடு தானாக நொடியையும் கம்பையும் கூட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரே குதிரை மூன்று நாளில் மூன்று விதமான பிராணியாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த விளையாட்டின் அழகும் அநியாயமும். முதல் நாள் சதுரமாக, அசையாமல் நிற்கத் தெரிய வேண்டும். மறுநாள் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத தண்ணீருக்குள் பாய வேண்டும். அதற்கு அடுத்த நாள், களைத்த உடம்போடு, லேசாகப் பட்டாலே விழும் கம்புகளைத் தொடாமல் தாண்ட வேண்டும். ராணுவ அதிகாரிகளின் குதிரைகளைச் சோதிக்கப் பிறந்த போட்டி இது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நுழைந்தபோது அதிகாரிகளுக்கு மட்டும்தான் இடம். பெண்கள் கலந்துகொள்ள 1964 டோக்கியோ வரை ஆனது. இன்று ஆணும் பெண்ணும் ஒரே பட்டியலில் மோதுகிறார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இருந்து, கிராஸ் கன்ட்ரிக்கு முன்னால் இருந்த நீண்ட சாலை ஓட்டமும், வேகமாகத் தடை தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸும் நீக்கப்பட்டன. பழைய ஆட்கள் இன்னும் அதைப் பற்றிப் புலம்புவார்கள். உங்களுக்கு அதில் ஒரு நடைமுறைச் செய்தி இருக்கிறது. முன்பு மூச்சு நீடிக்கும் பந்தயக் குதிரை ரத்தம்தான் எல்லாம். இப்போது டிரெஸாஜில் பின்தங்கினால் எட்டிப் பிடிப்பது கடினம் என்பதால், நல்ல நடையும் தாவலும் உள்ள, வார்ம்பிளட் எனப்படும் விளையாட்டுக் குதிரை இனங்களுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. ஆனாலும் பதினொரு நிமிடம் நாலுகால் பாய்ச்சலில் ஓடப் பந்தய ரத்தம் கொஞ்சமாவது வேண்டும் என்பார் எங்கள் குதிரைகளில் ஏறும் வீராங்கனை. ரத்தம் எவ்வளவு என்பது பற்றி இரண்டு பேர் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

பணத்தை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். ஈவென்டிங்கில் லாபம் குதிரைக் கொம்பு. பரிசுத் தொகை பெரிய போட்டிகளில்தான் பேசும்படி இருக்கும். சின்னப் போட்டிகளில் ஜெயித்தாலும் அந்த வார இறுதியின் வண்டிச் செலவுக்கு வந்தால் பெரிது. வாங்கும் விலையை நினைத்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். அது ஒரு தடவை வலி. லாயக் கட்டணம், லாடம், நுழைவுக் கட்டணம், காப்பீடு, மருத்துவர் ஆகியவை மாதா மாதம் வரும், குதிரை ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அந்த யானையாவது தன் காலை வேலியில் மாட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகாது. பங்கு வாங்கும்போது விலையில் கால்வாசியா, செலவிலும் கால்வாசியா, அறுவை சிகிச்சை வந்தால் அதில் எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். காப்பீட்டில் ஒரு முறை ஒரு காலின் தசைநாணுக்குப் பணம் வாங்கிவிட்டால், அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது அந்தக் காலை விலக்கிவிடுவது வழக்கம். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

சரி, எந்தக் குதிரை? இளங்குதிரை என்றால் விலை குறைவு, காலம் நீளம். நான்கைந்து வயதில் சின்னத் தடைகளில் தொடங்குகிற குதிரை, ஒன்று முதல் ஐந்து வரை உள்ள நட்சத்திரப் படிகளில் உச்சிக்குப் போக எல்லாம் சரியாக நடந்தாலும் ஐந்தாறு ஆண்டு ஆகும். பெரும்பாலான குதிரைகள் நடுவிலேயே நின்றுவிடும். அது தோல்வியும் அல்ல. மூன்று நட்சத்திரத்தில் சந்தோஷமாக ஓடுகிற குதிரையை ஐந்துக்குத் தள்ளுவதுதான் தப்பு. தேறிய குதிரையை வாங்கினால் காத்திருப்பு குறையும், ஆனால் அது வேறொருவரின் கைக்குப் பழகியிருக்கும். இந்திய வீரர் ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளி வாங்கிய செய்னர் மெடிகாட் அப்படித்தான். அதற்கு முன் அது ஜெர்மானிய வீராங்கனை பெட்டினா ஹாயின் கையில் இருந்த குதிரை. அப்படி மாறிய ஜோடி ஒன்று சேருமா என்பது முதல் சில மாதங்களில் தெரியாது. சில ஜோடிகள் கடைசி வரை சேருவதில்லை. இரண்டு பேருமே திறமைசாலிகளாக இருப்பார்கள், அப்புறமும் ஓடாது.

வாங்கும் முன் மருத்துவப் பரிசோதனையில் காலை மடக்கிக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு, விட்ட நொடியில் ஓடச் சொல்லி நொண்டுகிறதா என்று பார்ப்பார்கள். எக்ஸ்ரே எடுப்பார்கள். குறையே இல்லாத எக்ஸ்ரே கிடைக்கும் என்று காத்திருந்தால் குதிரையே வாங்க மாட்டீர்கள். மருத்துவர் "இந்த வேலைக்கு இது தாங்குமா" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதைத்தான் நீங்கள் கேட்கவும் வேண்டும். உயரத்தையும் தோற்றத்தையும் பார்த்து மயங்காதீர்கள். நியூசிலாந்து வீரர் மார்க் டாட் 1984லும் 1988லும் அடுத்தடுத்து ஒலிம்பிக் தங்கம் வாங்கிய சாரிஸ்மா, அந்த நெட்டை மனிதருக்குக் கீழே மட்டக் குதிரை போலத் தெரியும். இரண்டாவது தங்கத்தின்போது அதற்கு வயது 16ஐ ஒட்டி. ஜெர்மானிய வீரர் மிகாயல் யுங் 2012லும் 2016லும் வாங்கிய இரண்டு தனிநபர் தங்கங்களும் சாம் என்ற ஒரே குதிரையில். ரியோவில் அதற்கும் 16. இவை விதிவிலக்குகள்தான். ஆனால் அத்தனை வருடம் ஒரு குதிரையை நல்ல நிலையில் வைத்திருந்தவர்கள் எத்தனை போட்டிகளை வேண்டாம் என்று விட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

என் கருத்தில் குதிரையை விட ஆளைப் பார்த்து வாங்குவதுதான் உத்தமம். ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் லாயத்துக்குப் போங்கள். குரூம்கள் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். வருடத்துக்கு மூன்று குரூம் மாறும் இடத்தில் என் பணத்தைப் போட மாட்டேன், வீரர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும். குதிரையின் காலில் லேசான சூடு இருப்பதைக் காலை ஐந்தரைக்குக் கையால் தொட்டுக் கண்டுபிடிப்பவர் அந்தக் குரூம்தான். மறந்துவிடாதீர்கள்.

தொலைபேசிக்கு வருவோம். சொன்னால் சிரிப்பீர்கள், உரிமையாளரின் வாழ்க்கை பெரும்பாலும் அதில்தான் நடக்கிறது. எங்கள் வீராங்கனை வாரம் ஒருமுறை ஒரு வீடியோவும் இரண்டு வரியும் அனுப்புவார். நல்ல செய்தி எப்போதும் எழுத்தில் வரும். காலை ஏழரைக்கு அவரே கூப்பிட்டால், எடுப்பதற்கு முன்பே எந்தக் கால் என்றுதான் யோசிப்பேன். ஒரு தடவை என் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார். நான் எடுத்தவுடன் "முன்னங்காலா?" என்று கேட்டேன்.

இனிப் போட்டி. பெரிய போட்டி தொடங்குவது டிரெஸாஜில் அல்ல, அதற்கு முன் நடக்கும் குதிரைப் பரிசோதனையில். நடுவர் குழுவும் மருத்துவரும் நிற்க, வீரர் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் ஓடிக் காட்ட வேண்டும். கிராஸ் கன்ட்ரிக்கு மறுநாள் காலை இதே சடங்கு இன்னொரு முறை. உரிமையாளர்கள் நன்றாக உடுத்திக்கொண்டு வந்து சிரித்துப் பேசும் இடம் இது. பேச்சு எல்லாம் வாயளவில்தான், காது முழுக்கக் குளம்புச் சத்தத்தில் இருக்கும். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று ஒரே சீராக விழுகிறதா? என் மூன்றாவது குதிரை, நான் பங்கு வைத்திருந்த ஒரு பெட்டைக் குதிரை, கடைசி நாள் காலையில் ஓடியபோது அந்தச் சத்தத்தில் ஏதோ ஒன்று இடறியது. நடுவர் கையைக் காட்டினார், தனிக் கொட்டிலில் வைத்து இன்னொரு மருத்துவர் பார்க்கட்டும் என்று. பத்து நிமிடம் இருந்திருக்கும். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மறுபடி ஓடவிட்டார்கள். ஏற்றுக்கொண்டதாக ஒலிபெருக்கி சொன்னது. வீராங்கனை என் பக்கம் வந்து, "நான் விலகிக்கொள்கிறேன், ஏதோ சரியில்லை" என்றார். அந்த நேரத்தில் நாங்கள் ஆறாவது இடத்தில் இருந்தோம். நான் சரி என்றேன். உடனே சொன்னேனா என்றால், இல்லை. இரண்டு நொடி ஆனது. அந்த இரண்டு நொடி இன்னும் எனக்கு வெட்கம்.

கிராஸ் கன்ட்ரி நாளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. உச்ச நிலையில் ஆறு கிலோமீட்டருக்கு மேல், நிமிடத்துக்கு 570 மீட்டர் வேகத்தில், பதினொரு நிமிடம் அல்லது அதற்குச் சற்று மேல். நாற்பதுக்கும் மேற்பட்ட தாவல்கள். அசையாத தடைகள் 1.20 மீட்டர் வரை உயரம். இதைத் தொலைக்காட்சியில் பார்ப்பது வேறு, மைதானத்தில் உரிமையாளராக நிற்பது வேறு. மைதானத்தில் நீங்கள் உங்கள் குதிரையைப் பார்ப்பது மொத்தமே இரண்டு மூன்று தடைகளில், நாலைந்து நொடி வீதம். மீதி நேரம் ஒலிபெருக்கிதான். "ஏழில் சுத்தம். எட்டு ஏ, பி சுத்தம்." அப்புறம் அறிவிப்பாளர் வேறு குதிரையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். உங்கள் குதிரை மரங்களுக்குப் பின்னால் எங்கேயோ இருக்கும்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை, முன்னே போன குதிரையோ வீரரோ விழுந்து, தடத்தில் வருகிற உங்கள் குதிரையைப் பாதியில் நிறுத்தி வைப்பது. கடிகாரத்தையும் நிறுத்துவார்கள், அதனால் புள்ளிக்குப் பாதகமில்லை. குதிரைக்குத்தான் என்ன நடக்கிறது என்று புரியாது. மேலேறிய ரத்தத்தோடு வட்டமடித்துக்கொண்டிருக்கும். முன்னே என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியாது. ஆம்புலன்ஸ் போகிற சத்தம் கேட்கும். ஒருமுறை பதினைந்து நிமிடத்துக்கு மேல் அப்படி நின்றோம். அந்தச் சமயத்தில் வேலியருகே இன்னொரு உரிமையாளர் நின்றிருந்தார். விழுந்தது அவருடைய குதிரை. இருவருமே பேசவில்லை. கடைசியில் குதிரை எழுந்துவிட்டது, வீரரும் எழுந்துவிட்டார் என்று செய்தி வந்ததும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆபத்து உண்மையானது, அதைப் பூசி மெழுக மாட்டேன். 1999இல் பிரிட்டனில் மட்டும் ஒரே ஆண்டில் ஐந்து வீரர்கள் கிராஸ் கன்ட்ரியில் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் குதிரை சுழன்று வீரர் மேலேயே விழும் விபத்தைக் குறைக்க, பலமாக மோதினால் உடைந்து கீழே இறங்கும் ஊசிகளும் கிளிப்புகளும் தடைகளில் படிப்படியாக வந்தன. அந்த ஊசி உடைந்தால் 11 புள்ளி அபராதம். சில உரிமையாளர்கள் இந்த 11க்காகக் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது புரிவதே இல்லை. உடைந்த ஊசிக்குப் பதிலாக எது உடைந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே போட்டிக்கு முன் வீரரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: உங்களுக்காக ஓட வேண்டாம், சரியில்லை என்றால் கையைத் தூக்கி விலகி வரலாம், ஒரு வார்த்தையும் கேட்க மாட்டேன் என்று. சொல்லிவிட்டு, அவர் உண்மையிலேயே விலகி வந்தால் முகத்தைச் சுளிக்காமலும் இருக்க வேண்டும். ஈரத் தரையில் ஓட வேண்டாம் என்று மூன்று வாரம் வீராங்கனை தடுத்ததை நான் முதல் வருடம் முணுமுணுத்தேன். அவர் கேட்டார்: "தசைநாண் போனால் எத்தனை வாரம் தெரியுமா?" அப்போது தெரியாது. பிறகு தெரிந்துகொண்டேன்.

ஓட்டம் முடிந்ததும் கோட்டைத் தாண்டியவுடன் இறங்கி, சேணத்தைக் கழற்றி, தண்ணீரை ஊற்றத் தொடங்குவார்கள். ஓய்வில் நிமிடத்துக்கு முப்பது, நாற்பது தடவை துடிக்கிற இதயம் அந்த நேரத்தில் இருநூறை நெருங்கி இருக்கும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று ஒரு காலத்தில் பயந்தார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் வெப்பத்தை முன்னிட்டு நடந்த ஆராய்ச்சிகள் அந்தப் பயத்தைப் போக்கின. இப்போது ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள், நடக்கவிடுகிறார்கள், மறுபடி ஊற்றுகிறார்கள். கால்களுக்கு ஐஸ் கட்டுகிறார்கள். வாளி தூக்க ஆள் வேண்டும் என்றால் நீங்கள் தூக்கலாம். உரிமையாளராக நான் உருப்படியாகச் செய்த ஒரே உடலுழைப்பு அதுதான். வாயை மூடிக்கொண்டு வாளி தூக்குங்கள், குரூம் உங்களை மனிதராக மதிக்க ஆரம்பிப்பார்.

இன்னும் ஒன்று, அன்பாக எதையாவது கொடுக்காதீர்கள். சாக்லேட்டில் இருக்கும் தியோப்ரோமின், காபியின் காஃபீன், கசகசா தூவிய ரொட்டியில் இருக்கக்கூடிய மார்ஃபீன் எல்லாமே ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டும். பொறுப்பு வீரர் தலையில் விழும். தடுப்பூசி விஷயத்திலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். சர்வதேசப் போட்டிக்குப் போகும் நாளில் இன்ஃப்ளூயன்ஸா ஊசி ஆறு மாதம் 21 நாளுக்குள் போட்டதாகக் குதிரையின் பாஸ்போர்ட்டில் இருக்க வேண்டும். எங்கள் கூட்டணியில் நான்கு உரிமையாளர்கள். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நினைத்ததில் ஒரு வசந்தகாலப் போட்டி கைநழுவிப் போனது. குதிரை நல்ல நிலையில் லாயத்தில் வைக்கோல் மென்றுகொண்டிருந்தது.

கணக்கு எவ்வளவு நுணுக்கமாகக் குப்புறத் தள்ளும் என்பதற்கு ஏதென்ஸ் 2004ஐச் சொல்வேன். மேலே சொன்ன பெட்டினா ஹாய், ஷோ ஜம்பிங்கில் தொடங்கும் கோட்டை இரண்டு தடவை கடந்துவிட்டார். நடுவர்கள் நேர அபராதம் போட்டார்கள், ஜெர்மனியின் முறையீட்டில் மேல்முறையீட்டுக் குழு அதை நீக்கியது. தங்கம் கழுத்தில் ஏறியது. சில நாளில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்ய, தனிநபர் தங்கம் பிரிட்டனின் லெஸ்லி லாவுக்குப் போனது, அணித் தங்கம் பிரான்சுக்கு. குதிரை செய்த தப்பு எதுவும் இல்லை. உரிமையாளராக நான் அந்த இடத்தில் இருந்தால் யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரிந்திருக்காது.

இனிக் காயம். நீங்கள் எவ்வளவு அதிர்ஷ்டசாலியாக இருந்தாலும் இது வரும். முழுசாக எனக்குச் சொந்தமாக இருந்த கபில நிறக் குதிரைக்கு ஒன்பது வயதில் முன்னங்கால் தசைநாண் கிழிந்தது. போட்டியில் இல்லை, மேய்ச்சல் நிலத்தில் விளையாடும்போது. அல்ட்ராசவுண்டில் கருப்பாக ஒரு ஓட்டை. முதலில் கொட்டில் ஓய்வு, பிறகு கையில் பிடித்துக்கொண்டு தினமும் பத்து நிமிட நடை, அது பதினைந்து, இருபது என்று வாரா வாரம் கூடும். ஓட்டம் என்ற பேச்சே பல மாதங்களுக்கு இல்லை. ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் என்பார்கள். எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆனது. அந்த நாட்களில் லாயத்துக்குப் போனால் யாரும் உங்களுக்குக் கைகொடுத்து வாழ்த்த மாட்டார்கள். நீங்கள் குதிரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒரு வட்டம் நடப்பீர்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குதிரை என்னை ஒரு ஆளாக அடையாளம் கண்டுகொண்டது அப்போதுதான். நடக்கப் போகிறோம் என்று தெரிந்து கதவருகே வந்து நிற்கும்.

திரும்பி வந்தது. இரண்டு சின்னப் போட்டிகள் சுத்தமாக ஓடியது. மூன்றாவதுக்கு முன் அதே கால் மறுபடி சூடானது. மருத்துவர் இன்னொரு வருடம் முயற்சி செய்யலாம் என்றார், வீராங்கனை எதுவும் சொல்லவில்லை, குரூம் வேறு பக்கம் பார்த்தார். ஆரம்பத்தில் சொன்ன முடிவுகளில் ஒன்று இதுதான். அன்று நிறுத்திவிட்டேன்.

விற்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கால் பங்குக்காரருக்கு இதுதான் முதலில் வரும். நல்ல குதிரை நான்கு நட்சத்திரத்தில் கண்ணில் பட்டால் வேறு நாட்டிலிருந்து விலை கேட்பார்கள். ஒலிம்பிக் ஆண்டுக்கு முந்தைய மாதங்களில் இந்த அழைப்புகள் கூடும். ஒலிம்பிக்கில் குதிரையின் உரிமையாளரும் வீரரும் ஒரே நாட்டினராக இருக்க வேண்டும், அந்த ஆண்டின் ஜனவரி 15க்குள் பதிவாகியிருக்க வேண்டும் என்ற விதிதான் காரணம். நான்கு வயதிலிருந்து அந்தக் குதிரையை வளர்த்தவர் வீரர். அதன் மேல்தான் அவருடைய அடுத்த நான்கு வருடம் நிற்கிறது. ஒரே தொலைபேசி அழைப்பில் அதை எடுத்துவிட உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. நான் பங்கு வைத்திருந்த ஒரு குதிரையை மற்ற மூவரும் விற்க விரும்பினார்கள், நானும் தலையாட்டினேன். வீராங்கனைக்கு விற்பனையில் ஒரு சதவீதம் உண்டு என்று ஒப்பந்தத்தில் இருந்தது, பணம் கொடுத்தோம். அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் அவரிடமிருந்து வார வீடியோ மட்டும் வந்தது, கூடவே வரும் இரண்டு வரி வரவில்லை. எனக்கு அது உறைத்தது. இப்போது பங்கு வாங்கினால் முதல் கேள்வியே இதுதான்: விலை வந்தால் எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும், வீரருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டா, பதில் சொல்ல அவருக்கு எத்தனை நாள்? எல்லாரும் நண்பர்களாக இருக்கும்போதே இதை எழுதிக்கொள்ளுங்கள். குதிரை ஓய்வு பெற்ற பிறகு சாகும்வரை யார் செலவு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். முப்பது வயது வரை இருக்கக்கூடிய பிராணி அது. போட்டி வாழ்க்கை அதில் பாதிகூட வராது.

இதையெல்லாம் படித்துவிட்டும் வாங்கத் தோன்றினால் வாங்குங்கள். கால் பங்கு நல்ல அளவு. நஷ்டமும் கால்வாசி, காலை ஏழரை அழைப்பின் திகிலை மட்டும் பங்கு போட முடியாது. முதல் வருடம் எதையும் மாற்றச் சொல்லாதீர்கள். தடத்தை வீரரோடு ஒரு தடவை நடந்து பாருங்கள். தண்ணீர்த் தடைக்கு முன் நேர்வழியா சுற்றுவழியா என்று அவர் அடி எண்ணிக்கொண்டிருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள்.

என் கபிலக் குதிரைக்கு இப்போது பதினெட்டு. வீராங்கனையின் லாயத்துக்குப் பின்னால் உள்ள நிலத்தில், புதிதாக வரும் இளங்குதிரைகளுக்குத் துணையாக இருக்கிறது. போன மாதம் போயிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் இளசுகள் பயிற்சியில் மரக்கட்டைகளைத் தாண்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தாவும்போது இது தலையை நிமிர்த்திக் காதை விடைத்துப் பார்த்தது. ஒன்று மறுத்து நின்றது. இது மறுபடி புல்லுக்குக் குனிந்துகொண்டது. நான் பையிலிருந்து கேரட்டை எடுத்தேன்.